சொந்தமாக ஒரு லைவ் லினக்ஸ் ஐஎஸ்ஓ: பழைய கணினி வைத்திருக்கும் படிப்பு மையங்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறவர்களுக்கு இப்போது கணினி கிடைப்பது பெரிய பாடு இல்லை. எங்காவது அலுவலகத்தில் புதிது வாங்கும்போது பழசைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். பாடு அதற்கு அப்புறம்தான். ஒன்றில் ஹார்ட் டிஸ்க் இருக்காது. இன்னொன்றில் விண்டோஸ் இருக்கும், ஆனால் கொடுத்தவர் “உள்ளே இருப்பதை மட்டும் தொடாதீங்க” என்று சொல்லியிருப்பார். மூன்றாவதில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும். எல்லாவற்றிலும் ஒரே திரை, ஒரே மென்பொருள், ஒரே தமிழ் விசைப்பலகை வேண்டுமென்றால் கணினியில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸ் இயங்குதளம்தான் தோதானது. அதை நம் தேவைக்கு மாற்றி, ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக (முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) அடைப்பது எப்படி என்பதை வரிசையாகச் சொல்கிறேன். காட்பாடியில் ஒரு மையத்துக்காக இதைச் செய்தபோது ஒரு விவரம் ஓரிடத்திலும் இன்னொரு விவரம் வேறிடத்திலுமாகத் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

ஒரு குறிப்பு: கட்டளைகள், அடைவுகள் (ஃபோல்டர்கள்), கோப்புகள் எல்லாவற்றின் பெயரையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். திரையில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. கணினியைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

லைவ் ஐஎஸ்ஓவை அடைத்து முடித்த பிறகு அதற்குள் எதையும் சேர்க்க முடியாது. சேர்க்க வேண்டுமென்றால் மறுபடி திறந்து, மறுபடி அடைத்து, எல்லா பென் டிரைவிலும் மறுபடி எழுத வேண்டும். அதனால் பட்டியல்தான் முதல் வேலை.

தாளின் ஒரு பக்கத்தில் மையத்தில் உள்ள கணினிகள். ஒவ்வொன்றுக்கும் ரேம் எவ்வளவு, 64 பிட்டா, கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸா அல்லது புதிய யூஇஎஃப்ஐயா, வைஃபை உண்டா. கோர் 2 டுயோ இருந்தால்கூட 64 பிட்தான், கவலை இல்லை. பென்டியம் 4 காலத்துப் பெட்டி என்றால் அதற்காக மெனக்கெடாதீர்கள், ஒதுக்கி வையுங்கள். ரேம் 2 ஜிபிக்குக் குறைந்தால் கூடுதல் ரேம் போட வழி பாருங்கள். லைவ் லினக்ஸ் ஓடும்போது செய்கிற மாற்றமெல்லாம் ரேமில்தான் உட்காரும். பிரவுசரில் நான்கு டேப் திறந்தாலே 2 ஜிபி மெஷின் திணறும்.

மறுபக்கத்தில் வேண்டிய மென்பொருள்கள். இங்கேதான் ஆசை எல்லை மீறும். வீடியோ எடிட்டர், படம் வரைய மூன்று மென்பொருள், விளையாட்டு பத்து என்று எழுதிக்கொண்டே போவீர்கள். மையத்துக்கு வரும் பிள்ளைகள் இந்த மாதம் எதைத் திறப்பார்கள் என்று மட்டும் யோசியுங்கள். எங்களுக்கு லிப்ரே ஆபீஸ், ஃபயர்பாக்ஸ், தமிழ்99 தட்டச்சு, சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரி கல்வி விளையாட்டுகள், பிடிஎஃப் பார்க்க ஒன்று, இவ்வளவே போதுமாக இருந்தது.

காகித வேலையையும் இப்போதே முடித்துவிடுங்கள். கணினிகள் கல்லூரியுடையதோ, அறக்கட்டளையுடையதோ என்றால், பென் டிரைவிலிருந்து பூட் செய்யவும் (கணினியைத் துவக்கவும்) பயாஸ் அமைப்பை மாற்றவும் அனுமதி என்று பொறுப்பாளரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பயாஸ் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை பாதியில் இருக்கும்போது அந்த ஆள் ஊரில் இருக்கமாட்டார், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 உள்ள மடிக்கணினிகளில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்பு எண் கையில் இல்லாமல் பயாஸ் பக்கமே போகாதீர்கள். தெரியாத மென்பொருளைத் துவக்கவிடாத செக்யூர் பூட் அமைப்பை அணைத்துவிட்டால் அடுத்த தடவை விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது போனது போனதுதான்.

2. செலவு

மென்பொருளுக்கு ஒரு ரூபாயும் கிடையாது. செலவெல்லாம் பென் டிரைவுக்குத்தான். 16 ஜிபி போதும். 32 ஜிபி வாங்கினால் விலை பெரிதாகக் கூடிவிடாது, நல்ல கம்பெனி சரக்காகப் பாருங்கள். யூஎஸ்பி 3.0 வாங்குங்கள். பழைய மெஷினில் 2.0 போர்ட்தான் இருக்கும் என்றாலும், எழுதும்போது உங்கள் மடிக்கணினியில் நேரம் மிச்சமாகும்.

மொத்தமாக வாங்க யாராவது காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போவார்கள். போகட்டும். ஆனால் அங்கே 64 ஜிபி என்று அச்சடித்து 100 ரூபாய்க்குக் கொடுப்பதை வாங்கி வரச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது 4 ஜிபியோ 8 ஜிபியோ, வெளியே காட்டுவது 64. எழுதும்போது எல்லாம் சரியாகப் போவது போலத் தெரியும், பூட் ஆகும்போதுதான் வண்டவாளம் வெளிவரும். லினக்ஸில் எஃப்3 என்ற கருவியும் விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற கருவியும் உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். புதிது வாங்கியதும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டே பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு டேட்டா. ஐஎஸ்ஓ ஏறக்குறைய 3 ஜிபி. நாளுக்கு 1.5 ஜிபி, 2 ஜிபி தரும் மொபைல் பிளானில் இது ஒரே நாளில் இறங்காது. பாதியில் வேகம் குறைந்து, பிரவுசர் டவுன்லோடைக் கைவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஃபைபர் இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் இறக்குங்கள், அல்லது டோரன்ட்டில் போடுங்கள். அது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

3. எந்த லினக்ஸ்

என் சிபாரிசு லினக்ஸ் மின்ட் 22, அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான டெஸ்க்டாப் கொண்ட பதிப்பு. காரணம் இரண்டு. 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு உண்டு. அப்புறம், மின்ட்டுக்கு அடிப்படையான உபுண்டு லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற வகைப் பொட்டலமாக (நிறுவும் கோப்பாக) வருகிறது. ஐஎஸ்ஓவைத் திறந்து வைத்து வேலை செய்யும்போது ஸ்னாப் பொட்டலங்களை நிறுவ முடியாது. மின்ட்டில் ஃபயர்பாக்ஸ் சாதாரண டெப் பொட்டலம், தலைவலி இல்லை.

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓவோடு ஷா256 சரிபார்ப்புக் கோப்பையும் இறக்கி, இரண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. இதை விட்டுவிட்டு, பின்னால் எட்டு மணி நேரம் கழித்து “ஏன் அடைக்கும்போது பிழை வருகிறது” என்று மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

4. கியூபிக்

ஐஎஸ்ஓவைத் திறந்து மாற்றி அடைக்கும் வேலையைக் கையாலும் செய்யலாம். இயங்குதளத்தை அமுக்கி வைத்திருக்கும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பைப் பிரிப்பது, அதற்குள் நுழைய குரூட் போடுவது, திரும்ப அடைக்க சோரிசோ கட்டளை எழுதுவது என்று நீளமான சடங்கு. முதல் தடவை செய்பவருக்குத் தேவையில்லை. கியூபிக் என்ற மென்பொருள் அதையெல்லாம் ‘நெக்ஸ்ட்’ பொத்தானுக்குப் பின்னால் வைத்திருக்கிறது.

இதை ஓட்ட மின்ட்டோ உபுண்டுவோ நிறுவிய கணினி ஒன்று வேண்டும். இல்லையென்றால் விண்டோஸில் விர்ச்சுவல் பாக்ஸ் (கணினிக்குள் ஒரு போலிக் கணினி) போட்டு, அதற்குள் மின்ட் நிறுவி, 60 ஜிபி டிஸ்க் கொடுங்கள். மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். கியூபிக் வழக்கமான மென்பொருள் களஞ்சியத்தில் கிடைக்காது. கியூபிக்-விசார்ட் என்பவர்களின் பிபிஏ என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்த்து, மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையில் அப்டேட் கொடுத்து, பிறகு நிறுவுங்கள்.

திறந்ததும் புராஜெக்ட் அடைவு எது என்று கேட்கும். 30 ஜிபி காலியாக உள்ள இடத்தைக் கொடுங்கள். அந்த இடம் இஎக்ஸ்டி4 போன்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் இருக்க வேண்டும். இடம் போதவில்லை என்று வெளி ஹார்ட் டிஸ்க்கைச் செருகி அதைக் காட்டுவது பொதுவான தவறு. அது பெரும்பாலும் என்டிஎஃப்எஸ் ஆகவோ எக்ஸ்ஃபேட் ஆகவோ இருக்கும். லினக்ஸ் கோப்புகளின் அனுமதிகளும் உரிமையும் அதில் ஒழுங்காகத் தங்காது.

அடுத்து மூல ஐஎஸ்ஓவைத் தேர்ந்தெடுத்து, புதியதற்குப் பெயரும் பதிப்பு எண்ணும் கொடுங்கள். வால்யூம் பெயர் 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும். தேதியைப் பதிப்பு எண்ணில் சேர்த்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்து மேசை இழுப்பறையில் எந்தப் பென் டிரைவில் எது இருக்கிறது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பீர்கள்.

நெக்ஸ்ட் அழுத்தினால் ஐஎஸ்ஓ பிரியும். கணினியைப் பொறுத்து ஐந்து, பத்து நிமிடம். அப்புறம் கட்டளை தட்டும் டெர்மினல் சாளரம் ஒன்று திறக்கும். அதில் நீங்கள் ரூட், அதாவது முழு அதிகாரமுள்ள பயனர். அங்கே செய்வதெல்லாம் உங்கள் கணினிக்கு அல்ல, அந்த ஐஎஸ்ஓவுக்கு.

5. சேர்ப்பதும் கழிப்பதும்

முதலில் கழியுங்கள். தண்டர்பேர்டு அஞ்சல், பாட்டு கேட்கும் மென்பொருள் போன்றவை மையத்துக்குத் தேவையில்லை. முக்கியமாக உபிக்விட்டியை நீக்குங்கள். அதுதான் டெஸ்க்டாப்பில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு ஐகானாக நிற்கும். ஒரு பிள்ளை அதைச் சொடுக்கி, கேட்கிற கேள்விக்கெல்லாம் சம்மதம் சொன்னால் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் காலி.

நீக்கும்போது ஆப்ட் காட்டும் பட்டியலை ஒரு வரி விடாமல் படியுங்கள். அதில் காஸ்பர் என்ற பெயர் தென்பட்டால் உடனே ‘என்’ அழுத்தி வெளியே வாருங்கள். பென் டிரைவிலிருந்து லைவாகப் பூட் செய்து, பயனரை உருவாக்கித் தருவதே காஸ்பர்தான். அது போனால் ஐஎஸ்ஓ அழகாக அடைபடும், ஆனால் எந்தக் கணினியிலும் எழுந்திருக்காது.

சேர்க்கும்போது முழு அப்கிரேடு கொடுக்காதீர்கள். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்து, அளவும் கூடி, எது பூட் ஆகிறது என்ற குழப்பமும் கூடும். ஃபயர்பாக்ஸ் போல இணையத்தைத் தொடும் மென்பொருள்களை மட்டும் பெயர் சொல்லிப் புதுப்பியுங்கள்.

வேறு கணினியிலிருந்து உள்ளே நுழைய வழி தரும் ஓபன்எஸ்எஸ்ஹெச் சர்வரை இதற்குள் நிறுவ வேண்டாம். நிறுவும்போதே அதன் ரகசியச் சாவிகள் உருவாகிவிடும். பிறகு எல்லா பென் டிரைவிலும் அதே சாவி.

6. தமிழ்

இந்தப் பகுதியில் நேரம் செலவழியுங்கள். வேறு எது சரியாக இருந்தாலும் தமிழ் சரியாக வராவிட்டால் மையத்தில் யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

எழுத்துருவுக்கு ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல், ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் இரண்டும் போதும். விண்டோஸில் வரும் லதா எழுத்துருவை அப்படியே காப்பி செய்து உள்ளே போடத் தோன்றும். போடாதீர்கள், அதைப் பிறருக்குக் கொடுக்க உங்களுக்கு உரிமம் கிடையாது. லதாவில் தட்டிய யூனிகோடு கோப்பு லோஹித்திலோ நோட்டோவிலோ திறக்கும். வரி அகலம் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். டிடிபி கடையிலிருந்து வரும் பாமினி, வானவில் கோப்புகள் வேறு கதை. அவை யூனிகோடு அல்ல. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். “லினக்ஸ்ல தமிழ் வரல” என்று புகார் வந்தால் பாதி நேரம் காரணம் இதுதான். கோப்பைக் கொண்டு வருபவரிடம் யூனிகோடுக்கு மாற்றி வாங்குங்கள்.

தட்டச்சுக்கு, ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு சேர்ந்து ஓடும் ஐபஸ்-எம்17என் நிறுவுங்கள். தமிழ்99, ஒலியியல், பழைய தட்டச்சுப் பொறி அமைப்பு எல்லாம் அதில் உண்டு. கவனிக்க வேண்டியது ஒன்று: விசைப்பலகை அமைப்புகளின் பட்டியலிலேயே தமிழ்நெட்99 என்ற பெயரில் இன்னொன்று இருக்கும். எதையும் நிறுவாமல் கிடைக்கிறதே என்று அதை வைத்துவிடாதீர்கள். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே போடும். முன்னால் என்ன தட்டினோம் என்று பார்த்துப் புள்ளி வைக்கும் புத்தி அதற்குக் கிடையாது. தமிழ்99 வகுப்பில் பழகிய பிள்ளைக்கு அ, ம, ம, ஆ என்று நான்கு விசை தட்டினால் ‘அம்மா’ வர வேண்டும். முதல் ம மீது புள்ளி தானாக விழ வேண்டும், கடைசியில் ஆ தானாகக் காலாக மாற வேண்டும். எங்கள் மையத்தில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அண்ணா, இது புள்ளி வைக்க மாட்டேங்குது” என்று ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள். இந்த நான்கு விசைதான் சோதனை. இது தேறினால் மற்றது தேறும்.

மெனுவையும் தமிழாக்கலாமா? தமிழ் மொழிப் பொட்டலத்தை நிறுவி, பூட் வரியில் (9-ஆம் பகுதியில் வரும்) லோகேல் என்ற மொழி மதிப்பைத் தமிழாகக் கொடுத்தால் ஆகும். ஆனால் மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுசாக இல்லை. பாதித் திரை தமிழ், பாதித் திரை ஆங்கிலம் என்று வரும். சொல்லிக் கொடுக்கிறவருக்கு அது தொந்தரவு. நான் மெனுவை ஆங்கிலத்தில் விட்டுவிட்டேன்.

7. ஸ்கெல்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

வால்பேப்பர், பேனல், ஐபஸ் பட்டியல், ஃபயர்பாக்ஸ் முகப்புப் பக்கம் இதையெல்லாம் எங்கே அமைப்பது? கியூபிக் டெர்மினலில் ரூட்டின் வீட்டு அடைவில் எதை வைத்தாலும் பயனில்லை. பென் டிரைவ் ஒவ்வொரு தடவை பூட் ஆகும்போதும் மின்ட் என்ற பெயரில் புதுப் பயனர் உருவாகிறார். அவருடைய வீட்டு அடைவு ஈடிசி என்ற அமைப்பு அடைவுக்குள் இருக்கும் ஸ்கெல் அடைவின் நகல். ஆக, உங்கள் அமைப்புகள் இருக்க வேண்டிய இடம் ஸ்கெல்.

சுலபமான வழி இது. விர்ச்சுவல் பாக்ஸில் அதே மின்ட்டைத் தனியாக நிறுவுங்கள். பயனர் பெயரை மின்ட் என்றே வையுங்கள். அங்கே நிதானமாகப் பேனலை ஒழுங்குபடுத்தி, ஐபஸ்ஸில் ஆங்கிலத்தையும் தமிழ்99-ஐயும் சேர்த்து, எழுத்தின் அளவைக் கூட்டி, எல்லாம் திருப்தியான பிறகு அந்தப் பயனரின் புள்ளி-கான்ஃபிக் அடைவுக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஇ4, டிகான்ஃப் இரண்டையும் எடுங்கள். உள்ளீட்டு முறையாக ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுத்தபோது வீட்டு அடைவில் உருவான புள்ளி-எக்ஸ்இன்புட்ஆர்சி கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் கியூபிக் சாளரத்தின்மேல் இழுத்துப் போட்டால் நீங்கள் நிற்கும் அடைவில் வந்து விழும். அங்கிருந்து ஸ்கெல்லுக்குள் அதே வரிசையில் வையுங்கள்.

பயனர் பெயரை ஏன் மின்ட் என்று வைக்கச் சொன்னேன் என்றால், சில அமைப்புகள் முழு முகவரியோடு பதிவாகும். உங்கள் பெயரில் பயனர் வைத்திருந்தால், லைவில் அந்த முகவரி இருக்காது, அமைப்பு சத்தமில்லாமல் தோற்றுப்போகும். வால்பேப்பர் படத்தையும் வீட்டு அடைவில் வைக்காமல் யூஎஸ்ஆர், ஷேர், பேக்ரவுண்ட்ஸ் என்ற வழியில் வையுங்கள்.

இந்தப் பயனரில் ஃபயர்பாக்ஸைத் திறந்து உங்கள் ஜிமெயிலில் நுழைந்து பார்க்காதீர்கள். வைஃபை கடவுச்சொல்லும் வேண்டாம். நகல் எடுப்பது அமைப்புகளை மட்டுமல்ல, தடயங்களையும்தான். அது எத்தனை பேர் பையில் போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

டெஸ்க்டாப்பில் குறுக்குவழி ஐகான் போட்டால், நம்பகமற்றது என்று எச்சரிக்கை கேட்கக்கூடும். பேனலிலேயே ஐகான்களை வைத்துவிடுவது நல்லது.

8. விண்டோஸையும் கடிகாரத்தையும் காப்பாற்றுவது

லைவ் பயனருக்குக் கடவுச்சொல் கிடையாது, ரூட் அதிகாரம் தரும் சூடோ கட்டளையும் கேள்வி கேட்காது. கோப்பு மேலாளரில் விண்டோஸ் டிஸ்க் தெரியும், சொடுக்கினால் திறக்கும், அழித்தால் அழியும். கொடுத்தவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அதனால் மறைத்துவிடுங்கள். சாதனங்களை அடையாளம் காணும் யூடெவ் பகுதிக்கு விதிக் கோப்பு ஒன்று எழுதி, ஐடி_பஸ் ஏடிஏ என்று உள்ள பிளாக் சாதனங்களுக்கும் (டிஸ்க் வகைச் சாதனங்கள்) என்விஎம்இ சாதனங்களுக்கும் (புதுவகை எஸ்எஸ்டி) யூடிஸ்க்ஸ்_இக்னோர் மதிப்பை 1 ஆக்குங்கள். மாறிகளின் பெயர் மட்டும் முழுக்கப் பேரெழுத்து. உள்ளே இருக்கும் டிஸ்க் கோப்பு மேலாளரில் தெரியாது, பென் டிரைவ் தெரியும். சில வெளி ஹார்ட் டிஸ்க்குகளும் சேர்ந்து மறையலாம். டெர்மினல் தெரிந்த பையனை இது தடுக்காது. அப்படிப்பட்டவன் இருந்தால் சிபியூவைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றுவதுதான் நம்பிக்கையான வழி.

கடிகாரம் சின்ன விஷயம் போலத் தெரியும். விண்டோஸ், மதர்போர்டு கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை வைத்திருக்கும். லினக்ஸ் அதை உலக நேரம் என்று எடுத்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் கூட்டிக் காட்டும். இணையம் கிடைத்ததும் தன்னைத் திருத்திக்கொண்டு, மதர்போர்டிலும் உலக நேரத்தை எழுதிவிடும். மறுநாள் விண்டோஸைத் திறப்பவருக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும், வங்கித் தளம் சான்றிதழ் பிழை சொல்லும், பழி உங்கள் பென் டிரைவ் மேல் விழும். ஈடிசிக்குள் அட்ஜ்டைம் என்ற கோப்பின் மூன்றாவது வரியில் லோக்கல் என்று பேரெழுத்தில் எழுதுங்கள். நேர மண்டலத்தை ஏசியா, கொல்கத்தா (இரண்டிலும் முதலெழுத்து மட்டும் பேரெழுத்து) என்று வையுங்கள். முடிந்தது.

9. பூட் வரி

டெர்மினல் வேலை முடிந்ததும் ஆப்ட் கிளீன் கொடுத்து, டிஎம்பி அடைவைக் காலி செய்து, நெக்ஸ்ட் அழுத்துங்கள். பொட்டலப் பட்டியல் ஒன்று வரும், இன்ஸ்டாலரை நீக்கிவிட்டதால் அது நமக்கு முக்கியமில்லை. அதற்கடுத்த பக்கத்தில் பூட் கோப்புகளைத் திருத்தலாம். யூஇஎஃப்ஐ கணினிகள் கிரப் என்ற பூட் மெனுக் கோப்பைப் படிக்கும். ஐஎஸ்ஓவில் ஐசோலினக்ஸ் அடைவு இருந்தால் பழைய பயாஸ் கணினிகள் அதைப் படிக்கும். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு, “என் லேப்டாப்பில் வருகிறது, மையத்தில் வரவில்லை” என்று குழம்ப வேண்டாம். இரண்டிலும் மாற்றுங்கள்.

இங்கே ஒரு நல்ல வசதி உண்டு. டோரேம் என்ற சொல்லைக் கெர்னல் வரியில் சேர்த்து இன்னொரு மெனு வரி போடுங்கள். அதில் பூட் செய்தால் முழு ஐஎஸ்ஓவும் ரேமுக்குள் ஏறிவிடும், பென் டிரைவைப் பிடுங்கி அடுத்த கணினியில் செருகலாம். 8 ஜிபி ரேம் உள்ள கணினிகளுக்கு மட்டும் இது. அப்படிப்பட்ட பத்து கணினி இருந்தால் இரண்டு பென் டிரைவில் கதை முடிந்துவிடும்.

10. அடைத்தல்

கடைசியில் அமுக்க முறை எது என்று கேட்கும். சோதனைக் காலத்தில் எல்இசட்4 அல்லது ஜிஸிப் போதும், சீக்கிரம் முடியும். எல்லாம் சரி என்று உறுதியான பிறகு கடைசித் தடவை மட்டும் எக்ஸ்இசட். அளவு நன்றாகக் குறையும், ஆனால் பழைய ஐ3 மடிக்கணினியில் அரை மணி, முக்கால் மணி ஆகலாம். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லாமல் இதை ஆரம்பிக்காதீர்கள். பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளா என்று பேப்பரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து எக்ஸ்இசட் ஓட்டினால் சூடு தாங்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இரவில் ஓட விடுங்கள்.

ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு 4 ஜிபியைத் தாண்டவே கூடாது. ஃபேட்32 பென் டிரைவில் அதைவிடப் பெரிய கோப்பு ஒன்று உட்காராது. தாண்டினால் தாளுக்குத் திரும்பிப் போய் எதை வெட்டலாம் என்று பாருங்கள். பாடநூல் பிடிஎஃப்களை உள்ளே திணித்திருந்தால் அதைத்தான் முதலில் வெட்ட வேண்டும். பிடிஎஃப் ஏற்கெனவே அமுக்கப்பட்ட கோப்பு, மேற்கொண்டு அமுங்காது. அவற்றைத் தனிப் பென் டிரைவில் வையுங்கள்.

புராஜெக்ட் அடைவை அழிக்காதீர்கள். அடுத்த திருத்தத்துக்குக் கியூபிக் அங்கிருந்தே தொடரும்.

11. சோதனை

முதல் சோதனை கியூபிக்கிலேயே உள்ள டெஸ்ட் பொத்தானில், அல்லது விர்ச்சுவல் பாக்ஸில் 2 ஜிபி ரேம் மட்டும் கொடுத்து. பயாஸ் முறையில் ஒரு தடவை, யூஇஎஃப்ஐ முறையில் ஒரு தடவை. இரண்டாவது சோதனை மையத்தில் இருப்பதிலேயே மோசமான கணினியில். உங்கள் மடிக்கணினியில் ஓடுவது ஒரு சாட்சியமே அல்ல. ‘அம்மா’ தட்டுங்கள், பிரின்டரில் ஒரு பக்கம் எடுங்கள், யூடியூபில் சத்தம் வருகிறதா பாருங்கள், அணைத்துவிட்டு விண்டோஸில் மணி பாருங்கள். வைஃபை கிடைக்காவிட்டால் டிரைவர் தேடி அலைவதற்கு முன் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி டெதரிங் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உடனே வரும்.

12. பென் டிரைவில் எழுதுவதும் பூட் செய்வதும்

மின்ட்டிலேயே யூஎஸ்பி இமேஜ் ரைட்டர் இருக்கிறது. விண்டோஸில் ரூஃபஸ், எட்சர் இரண்டும் நல்லவை. ஒன்றுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம். எழுதும் முன் எந்த டிரைவ் என்று அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், அதில் இருப்பதெல்லாம் அழியும். வென்டாய் பயன்படுத்தினால் பல ஐஎஸ்ஓவை ஒரே பென் டிரைவில் போடலாம். ஆனால் அதில் பூட் செய்த பிறகு அதே பென் டிரைவில் கிடக்கும் பாடநூல்களை லினக்ஸுக்குள்ளிருந்து நேரடியாகத் திறக்க முடியாமல் போகும். இதற்காகத்தான் தனிப் பென் டிரைவ் என்றேன்.

பூட் மெனு விசை: டெல், லெனோவோவில் எஃப்12. ஹெச்பியில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கும். ஏசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப், டெஸ்க்டாப் போர்டில் எஃப்8. அந்தந்தக் கணினியில் சின்னச் சீட்டு ஒட்டிவிடுங்கள். டெஸ்க்டாப்பில் முன்பக்கப் போர்ட்டைவிடப் பின்பக்கப் போர்ட் நம்பகமானது.

பிள்ளைகள் செய்த வேலை அணைத்ததும் போய்விடும். இதை முதல் நாளே, கரும்பலகையில் எழுதிச் சொல்லுங்கள். ரூஃபஸில் பெர்சிஸ்டன்ஸ் என்று ஓர் இழுக்கும் பட்டை உண்டு, அதை வைத்தால் மாற்றங்கள் பென் டிரைவிலேயே தங்கும். பொதுவில் பலர் பயன்படுத்தும் கணினிக்கு எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் கலைத்தது அடுத்தவருக்கும் அப்படியே நிற்கும், கரண்டு போனால் கோப்பு முறைமையும் கெடும். ஆளுக்கொரு சின்னப் பென் டிரைவ் கொண்டு வரச் சொல்லுங்கள்.

13. வெளியே கொடுப்பதாக இருந்தால்

உங்கள் மையத்துக்குள் வைத்துக்கொள்ளும்வரை பிரச்சினை இல்லை. பக்கத்து ஊர் மையங்களுக்கும் கொடுக்கிறீர்கள், இணையத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால் பெயரையும் சின்னத்தையும் மாற்றுங்கள். மாற்றியமைத்த உபுண்டுவை உபுண்டு என்ற பெயரிலேயே விநியோகிக்க, அதை உருவாக்கும் கனானிக்கல் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். மின்ட்டுக்கும் அதே மரியாதையைக் கொடுப்பது முறை. உள்ளே இருக்கும், ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வரும் மென்பொருள்களின் மூலநிரலை யார் கேட்டாலும் கொடுக்கும் பொறுப்பும் உங்களுக்கு வரும். அதற்குக் கியூபிக் உருவாக்கும் பொட்டலப் பட்டியலையும், நீங்கள் கொடுத்த கட்டளைகளை எழுதிய ஓர் உரைக்கோப்பையும் ஐஎஸ்ஓவின் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

நேரக் கணக்கு: முதல் தடவைக்கு ஒரு சனி, ஞாயிறை முழுசாக ஒதுக்குங்கள். அப்புறம் நான்கைந்து மாதத்துக்கு ஒருமுறை பழைய புராஜெக்ட்டைத் திறந்து, ஃபயர்பாக்ஸைப் புதுப்பித்து, தேதியை மாற்றி, மறுபடி அடைக்க ஒரு மாலைப் பொழுது போதும். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் வைத்துக்கொண்டால் பிள்ளைகள் வகுப்பும் கெடாது, பென் டிரைவ்களும் எல்லாம் ஒரே நேரத்தில் கையில் இருக்கும்.